இடது பெடல்

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையை நான் எடுத்துக்கறேன். சம்சாரத்தோடதுங்க அது. உள்ள போயிருக்கா, முட்டிய மடக்கி அளந்து பாக்கறாங்க. உங்களுக்கு யாருங்க? அப்பாவா? தோள்பட்டையா? சரியாயிருங்க. இங்க நல்லாத்தான் பாக்கறாங்க. என்ன, கொண்டாந்து ஒக்கார வெச்சுட்டா சாமானியத்துல வெளிய விட மாட்டாங்க.

இவளுக்கு இடது முட்டி. போன நவம்பர்ல ஸ்கூட்டில இருந்து விழுந்துட்டா. கணபதி ஸ்டாப்பு பக்கம், பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீட் பிரேக்கரு. முட்டிச் சில்லு ரெண்டாப் போச்சு. கம்பி வெச்சுக் கட்டியிருக்காங்க. எலும்பெல்லாம் கூடிருச்சுங்க, அதுல ஒண்ணும் தொந்தரவு இல்ல. மடங்கதான் மாட்டேங்குது. இன்னிக்கு தொண்ணூறு டிகிரி மடங்குச்சுன்னா வீட்டுக்குப் போயிரலாம். மடங்கலைன்னா நாளைக்கு மயக்க மருந்து குடுத்து, காலைப் புடிச்சு அழுத்தி மடக்கி விடுவாங்களாமா. உள்ள ஒட்டிப் போனதெல்லாம் பிஞ்சு விடுமாமா. டாக்டரு சாதாரணமா சொன்னாரு. இவளும் கேட்டுட்டுத் தலையாட்டுனா. எனக்கும் ஒண்ணும் தோணலீங்க. சரீங்கன்னேன்.

அது கெடக்கட்டும். நீங்க சைக்கிள் ஓட்டறவருங்களா? இல்ல, கைல கட்டியிருக்கற வாட்ச்சப் பாத்தேன். அப்புறம் அந்த மணிக்கட்டுல கையுறை போட்ட எடம் மட்டும் வெளுத்துக் கெடக்குது பாருங்க, அதை மறைக்கவே முடியாது. நம்ம ஆளுகள எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிருவேன். எந்த குரூப்பு? ஆர்.எஸ்.புரமா? அட, அந்த ரெஜினால்டு சைக்கிள் கடை ஆளுகளா! அவன்கிட்ட போய் திருமூர்த்தின்னு சொல்லுங்க, சிரிப்பான். பேட்டரி அண்ணாம்பான். அந்தப் பேரு எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுங்களா? இல்ல, இப்ப ஒரு வேலையும் இல்லைதானே, சொல்றேன் கேளுங்க.

பவர் மீட்டர் பெடல் வெச்சிருக்கீங்களா நீங்க? இன்னும் வாங்கலையா? வாங்காதீங்க. இல்ல, வாங்குங்க, ஆனா நான் சொல்றதக் கேட்டுட்டு வாங்குங்க. சாதாரண பெடல் மாதிரிதான் இருக்கும். உள்ள சென்சார் வெச்சிருப்பான். நாம எத்தனை பலமா மிதிக்கறோம்னு வாட் கணக்குல சொல்லும். இடது காலு எத்தனை, வலது காலு எத்தனைன்னு தனித்தனியா பிரிச்சுக் காட்டும். ஹேண்டில்பார்ல ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருப்போம்ல, அதுல வந்து விழும். ஒவ்வொரு பெடலுக்குள்ளயும் காசு மாதிரி ஒரு பட்டன் செல்லு. அந்தச் செல்லு மாசக்கணக்குல வரும்னு கம்பெனிக்காரன் சொல்றான். என்னோடது எத்தனை நாள் வந்துச்சு சொல்லுங்க பாப்போம். பத்து நாளு! புதுச் செல்லு போட்டா பத்தாம் நாளு மீட்டர்ல செவப்பா வந்து நிக்குது, பேட்டரி தீரப் போகுதுன்னு.

எனக்கு இதெல்லாம் பாத்துட்டுச் சும்மா இருக்க வராதுங்க. பம்ப் கம்பெனில தரக்கட்டுப்பாட்டுல இருக்கேன். ஒரு மோட்டார் சூடாகுதுன்னா ஏன் சூடாகுதுன்னு தெரியற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. எங்க பசங்களுக்குச் சொல்லுவேன், ஒரு நேரத்துல ஒண்ணைத்தான்டா மாத்தணும். நாலையும் சேத்து மாத்திப்போட்டுட்டு, சரியாப் போச்சுங்கன்னு வந்து நிக்காதீங்க. எது கோளாறுன்னு தெரியாமப் போயிரும்னு சொல்லுவேன். அதே முறைலதான் இதையும் புடிச்சேன்.

மொதல்ல செல்லு. பெட்டிக்கடைச் செல்லு இல்லீங்க, நல்ல செல்லுதான். அப்பத்தான் ரெஜினால்டு சொன்னான், அண்ணா, இப்ப வர்ற சில செல்லுல கசப்பு மருந்து தடவி விடறாங்க, கொழந்தைக முழுங்காம இருக்கறதுக்கு, அந்தப் பூச்சு இருந்தா கரண்டு சரியாத் தொடாதுன்னு. அட, நெசமாத்தாங்க! நான் நாக்குல வெச்சுப் பாத்தேன், அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் காப்பி குடிக்க முடியல. ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு மாட்டுனேன். பத்து நாளு.

அப்புறம் மூடி. செல்லுக்கு மேல போடற மூடி லூசா இருந்தாலும் அப்படி ஆகும், உள்ள இருக்கற தகடு அமுங்கிப் போனாலும் ஆகும். தகட்டைக் குண்டூசில லேசா நிமித்தி விட்டேன். ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் வெச்சேன். ஈரம் எறங்கியிருக்குமோன்னு பெடலைக் கழட்டி அரிசி டப்பாக்குள்ள போட்டு வெச்சேன். சுகந்திதான் கேட்டா, இவ பேரு சுகந்தி, அரிசில என்னங்க இரும்பு கெடக்குதுன்னு. சிரிச்சுட்டேதான் கேட்டா. அப்ப எல்லாம் சிரிச்சுட்டுதான் இருந்தா.

அப்புறம் சாஃப்ட்வேரு. புதுசு ஏத்துனேன். போன்ல இருக்கற ஆப்பு பெடலை விடாம புடிச்சுட்டே இருந்தாலும் செல்லு தீந்துரும், அதையும் எடுத்து விட்டேன். காருக்குப் பின்னால சைக்கிளைத் தொங்கவிட்டுக் கொண்டு போனா, குலுங்கற குலுக்கல்ல பெடல் நாம ஓட்டறோம்னு நெனச்சு முழிச்சுக்கும். அதனால காருல கொண்டு போறதையே விட்டுட்டேன். வீட்ல ரெண்டாவது பெட்ரூம்ல, பின்சக்கரத்தை மாட்டி நின்ன எடத்துலயே மிதிக்கற ட்ரெய்னர் ஸ்டாண்டுலதான் நிப்பாட்டியிருந்தேன். பையன் பெங்களூருல வேலைக்குப் போனதுக்கப்புறம் அந்த ரூம் எனக்குத்தான். காலைல அஞ்சு மணிக்கு அதுல ஏறி ஒரு மணி நேரம் மிதிச்சுட்டு, குளிச்சு ஆபீஸ் போயிருவேன். ஏப்ரல்ல கோத்தகிரி மலையேத்தப் போட்டி இருந்துச்சுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வரைக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். இத்தனையும் செஞ்சும் பத்து நாளு. குரூப்புல கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பேட்டரி அண்ணா, இன்னிக்குச் செல்லு மாத்திட்டீங்களான்னு.

இவளுக்கா? இவளுக்கு அந்தச் சமயத்துல கட்டுப் பிரிச்சு, காலு கட்டையாட்டம் நின்னுட்டு இருந்துச்சு. ஜனவரின்னு வெச்சுக்கங்க. இங்க பிசியோல சொல்லி அனுப்பியிருக்காங்க, வீட்ல நின்ன எடத்துலயே ஓட்டற சைக்கிள் ஒண்ணு வாங்குங்க, தெனமும் ஓட்டணும், மொதல்ல முழுசா சுத்த வேண்டாம், முன்னயும் பின்னயும் ஆட்டுனாப் போதும்னு. வந்து சொன்னா. நான் எங்க வெக்கறதுன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானுங்க அது? எங்க ஹால்ல சோபா போட்டா ஆளு நடக்க எடமில்ல. அந்த ரூம்ல ட்ரெய்னரு, ஃபேனு, என்னோட சாமானு. ஏப்ரல் முடியட்டும், பாத்துக்கலாம்னேன். சரீங்கன்னா. அவ எதையும் ரெண்டாந்தடவை கேக்கற ஆளில்லீங்க. அது ஒரு நல்ல கொணம்.

உங்க சைக்கிளை வேணா நான்... அப்படின்னு ஒரு தடவை ஆரம்பிச்சாதான். நான் வேண்டாம்னுட்டேன். இல்லீங்க, கருமித்தனமில்ல. உங்களுக்குத் தெரியும்ல, அது நம்ம ஒடம்புக்கு அளவெடுத்து வெச்சது. சீட்டு ஒரு விரக்கடை எறங்குனா எனக்கு முதுகு புடிச்சுக்கும். ஒரு நாள் ஈரத் துண்டை ஹேண்டில்பார்ல காயப் போட்டுட்டா, நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். இதைத் தொடறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுத் தொடுன்னு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல கூட்டறதுக்குக்கூட நான் இருக்கறப்பதான் வருவா.

எங்க விட்டேன்? ஆமா, செல்லு. அப்ப எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. நான் இல்லாதப்ப இந்தப் பெடல் தானா முழிச்சுக்குதோன்னு. கீழ ரோட்டுல லாரி போற அதிர்வு, மாடில தண்ணி மோட்டாரு, எதோ ஒண்ணு. சரி, அதையும் பாத்துரலாம்னு, மீட்டரை சார்ஜர்ல போட்டு, பெடல் முழிச்சா தானா பதிவு பண்ற மாதிரி வெச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறேன், பதிவாயிருக்குது! காலைல பத்தரை மணிக்கு மேல, அரை மணி நேரம். நான் எறங்குனா பெடலைத் தூங்க வெச்சுட்டுத்தான் போவேன், இது அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் முழிச்சே கெடந்துருக்குது. எத்தனை வாட்டு? இருபது. சில நேரம் பதினஞ்சு. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷன் மிதிச்சா இருபது வாட்டு வருமா? சும்மா காலை வெச்சாலே அறுபது வரும். அப்ப அது மனுஷன் மிதிச்சது இல்ல. சென்சாரு தப்பாப் படிக்குது. புடிச்சுட்டேன் பாருங்க கோளாறை, அன்னிக்கு இருந்த சந்தோஷம்!

இன்னும் கேளுங்க. இடது வலது பிரிச்சுக் காட்டும்னு சொன்னேன்ல? வலது எம்பத்தாறு, இடது பதினாலு. நான் மிதிச்சா அம்பது அம்பதுல இருந்து ஒண்ணு ரெண்டு அப்படி இப்படிப் போகும், அவ்வளவுதான். அப்ப இடது பெடல்தான் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணேன். ஆனா ஒரு நாள் பதிவை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுல்ல? தெனமும் வெச்சுட்டுப் போனேன். தெனமும் பதிவாச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் ஆகல, நான் வீட்ல இருந்தேன். ஆபீஸ் நாள்ல மட்டும் வருதே, கீழ கட்டட வேலை நடக்குதே, அந்த மெஷின் அதிர்வுதான்னு எழுதி வெச்சுக்கிட்டேன். இடது பக்கம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறிட்டே வருதுங்க. இருபதுக்கு வந்துச்சு, முப்பதைத் தாண்டுச்சு. வாட்டும் ஏறுது. எங்க பாஷைல அதுக்கு ட்ரிஃப்டுன்னு பேரு. அளக்கற கருவி அது பாட்டுக்கு மெதுவா நகந்துட்டே போறது. ரொம்ப மோசமான கோளாறுங்க அது, ஏன்னா பாக்கறதுக்குச் சரியாயிட்டு வர்ற மாதிரியே இருக்கும்.

அதே நேரத்துல சீட்டு வேற எறங்க ஆரம்பிச்சுது. நான் சீட்டுக் கம்பில கருப்பு டேப் ஒட்டி அளவு வெச்சிருக்கேன். டேப்புக்கும் கம்பி உள்ள எறங்கற எடத்துக்கும் நூலளவு வித்தியாசம் வருது. வழுக்காமப் புடிக்கற பேஸ்ட் தடவி, அளவு பாத்து முறுக்கற ஸ்பேனரு வாங்கி முறுக்குனேன். மறுநாளும் அதே நூலளவு. பெடல் மேல பாத்தா நீலமா எதோ ரப்பர் தேஞ்ச மாதிரி ஒட்டியிருக்குது. கீழ விரிச்சிருந்த மேட்டுன்னு நெனச்சேன். மேட்டு கருப்புங்க. அதையும் மாத்திட்டேன்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். படம், பதிவு, எல்லாம் வெச்சு நாலு பக்கம். அங்க இருந்து ஒரு பொண்ணு பதில் போட்டிருந்துச்சு, மரியாதையா. உங்கள் சைக்கிளை வீட்டில் வேறு யாராவது உபயோகிக்கிறார்களா? அப்படின்னு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. நான் நாலு பக்கம் எழுதியிருக்கேன், இவ என்ன கேக்கறா பாருங்க! வீட்டில் நானும் என் மனைவியும்தான், அவருக்குக் காலில் அறுவை சிகிச்சை, நடப்பதே சிரமம், தயவுசெய்து தொழில்நுட்பமாகப் பதில் சொல்லவும்னு எழுதுனேன். ஒரு மாசம் பதிலே இல்ல.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? தண்ணி வேணுமா? சரி.

மார்ச்சுல ஒரு நாளு ஆபீஸ் விட்டு வந்து பெல்லடிச்சேன். இவ வந்து கதவைத் தொறந்தா. கைல தடி இல்ல. நானே ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன். பரவால்லையே அம்மணின்னேன். மூஞ்சி பளிச்சுன்னு இருந்துச்சுங்க அன்னிக்கு. நான் நேரா ரூமுக்குப் போயி மீட்டரைப் பாத்தேன். டீ கொண்டாந்து குடுத்துட்டு, போகாம அங்கயே நின்னா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு, இவ இதெல்லாம் கேக்கவே மாட்டா. அந்த இடது பக்க நம்பர் இன்னிக்கு எத்தனைங்கன்னா. நாப்பத்தொண்ணுன்னேன். அம்பது வந்தா நல்லதுங்களான்னா. வந்தா நல்லதுதான், ஆனா தானா வரக் கூடாது, அதான் கோளாறேன்னேன். அவ சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு நான் கேக்கல. ஏப்ரல் நெருங்கிருச்சு, எனக்கு மண்டைக்குள்ள அதே ஓட்டந்தான்.

கடைசில தீர்வு ரொம்பச் சுலபமா இருந்துச்சுங்க. நம்ம கண்ணுக்கு முன்னாலயே இருந்துருக்குது. பெடலைக் கழட்டிட்டா? அதிர்ந்தா என்ன, ஆடுனா என்ன, எதுல ஆடும்? காலைல மிதிச்சு எறங்குன ஒடனே ஆலன் கீ போட்டு ரெண்டையும் கழட்டி, டப்பால வெச்சு, ஆபீஸுக்கே கொண்டு போயிருவேன். டிராயர்ல பூட்டிருவேன். பத்து நாளு போச்சு. செல்லு அப்படியே நிக்குது. இருவது நாளு போச்சு. அப்படியே! ரெஜினால்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணா நீங்க சயின்டிஸ்ட்டுண்ணான்னான்.

கழட்டுன மொத நாளு சாயங்காலம் இவ கேட்டா. பெடல் எங்கீங்கன்னு. கேட்டாளேன்னு எனக்கு ஒரு குஷி. ஒக்கார வெச்சு, ஆரம்பத்துல இருந்து சொன்னேன். கசப்பு மருந்து, மூடி, அதிர்வு, ட்ரிஃப்ட், எல்லாம். பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு, முன்னால ஒரு சாதாப் பெடல் இருந்துச்சுங்களே, அதை மாட்டி வெக்க மாட்டீங்களான்னா. எதுக்கு, நான் போனதுக்கப்புறம் யாரு ஓட்டப் போறா, அதை அப்பவே ரெஜினால்டு கடைல குடுத்தாச்சுன்னேன். சரீங்கன்னா. எந்திரிச்சுப் போயிட்டா. போறப்ப சுவத்தைப் புடிச்சுட்டுப் போனா.

கோத்தகிரி ஏறுனேங்க. நல்லாவே ஏறுனேன். அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல மூணாவது. மேல போயி நின்னா ஒரே பனி, பக்கத்துல நிக்கறவன் தெரியல. மெடலைக் கழுத்துல போட்டாங்க. என்னமோ, ஒண்ணுமே தோணலீங்க. சந்தோஷமா இருக்கணும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. மரத்துப் போன காலை வேற யாரோ அமுக்கற மாதிரி இருந்துச்சு. பேட்டரி இன்னும் பாதிக்கு மேல இருந்துச்சு, அதைப் போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். வீட்டுக்கு வந்து மெடலைக் காட்டுனேன். நல்லதுங்கன்னா. டிவி ஓடிட்டு இருந்துச்சு, சத்தம் இல்லாம.

அதுல இருந்தே வீடு அப்படித்தானுங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சோறு இருக்கும், துணி மடிச்சிருக்கும். நான் எதாச்சும் கேட்டா பதில் சொல்லுவா. இவ காலு மட்டும் மறுபடியும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுருச்சு. மார்ச்சு வரைக்கும் நல்லா மடங்கிட்டு வந்துச்சாமா, அப்புறம் படிப்படியா எறங்கிப் போச்சு. தடி திரும்பவும் வந்துருச்சு. டாக்டரு கேட்டாரு, எக்சர்சைஸ் பண்றதில்லையாம்மான்னு. பண்றேங்கன்னா. பண்ற மாதிரி எனக்குத் தெரியல. கட்டில்ல ஒக்காந்து காலை நீட்டி வெச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டு இருப்பா. கொஞ்சம் சோம்பல் வந்துருச்சுங்க அவளுக்கு, சொல்லக் கூடாது. நானே ரெண்டு தடவை சொல்லிட்டேன், முயற்சி பண்ணாத்தான் அம்மணி ஆகும், நான் ஏறலையா கோத்தகிரின்னு.

என்ன சொன்னீங்க? பத்தரை மணிக்கு வீட்ல யாரு இருப்பாங்கன்னா? இவதான். வேற யாரு? வேலைக்காரம்மாகூட மத்தியானம்தான் வரும். ஏங்க?

இல்லீங்க. அவளால அந்தச் சீட்டுல ஏறவே முடியாது. எட்டாதுங்க. எறக்கி வெச்சாத்தான்...

ஒரு நிமிஷம். என்னைக் கூப்பிடற மாதிரி இருக்குது. திருமூர்த்தி சார்னுதானே கூப்புட்டாங்க? வந்தர்றேன். பையைச் சித்த பாத்துக்கங்க.

.

இருக்கீங்களா. உங்க அப்பா இன்னும் வரலையா.

ஒண்ணுமில்லீங்க. அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சு டிகிரிதான் வருதாமா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்கணும்னுட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்.

உள்ள ஷிபானான்னு ஒரு பொண்ணுங்க, பிசியோ. சின்னப் பொண்ணு. எப்பவும் இவ மட்டும் உள்ள போவா, நான் வெளியவே ஒக்காந்துக்குவேன், அதனால அந்தப் பொண்ணை நான் சரியாப் பாத்ததுகூட இல்ல. அது என்னைப் பாத்துக் கேக்குது, என்ன சார் இப்படி ஆகிப் போச்சு, மார்ச்சுல நூத்தி அஞ்சு வரைக்கும் வந்தாங்களே. எத்தனை ஆசையா ஓட்டிட்டு இருந்தாங்க. இங்க வர்றப்பல்லாம் இடது காலு இன்னிக்கு இத்தனைன்னு நம்பர் சொல்லுவாங்க சார். வீட்ல சைக்கிள் இருக்குதே, ஏன் நிறுத்திட்டாங்க? அப்படிங்குது.

நான் என்ன சைக்கிள்னு கேக்க வாயைத் தொறந்தேங்க. அப்பத்தான் அந்தப் பத்தரை மணி ஞாபகத்துக்கு வந்துச்சு.

சுகந்தி மேஜை மேல காலை நீட்டி ஒக்காந்திருந்தா, அவளோட நீல ரப்பர் செருப்பு கீழ கெடந்துச்சு. என்னைப் பாக்கல. அந்தப் பொண்ணைப் பாத்து சொன்னா. அதுல ஒரு கோளாறு இருந்துச்சு கண்ணு. இவரு ரொம்ப நாளாப் பாத்துட்டே இருந்தாரு. இப்பச் சரி பண்ணிட்டாரு.

கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. குத்திக்காட்டற மாதிரிகூட இல்ல. அரிசி தீந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. என்னால அவ மூஞ்சியப் பாக்க முடியல. அந்த முட்டியத்தான் பாத்துட்டு நின்னேன். வீங்கிப் போயி, நடுவுல நீளமாத் தையல். இத்தனை மாசத்துல அந்தத் தையலை நான் பக்கத்துல பாத்ததே இல்லீங்க.

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. அப்ப நல்லதாப் போச்சு சார், நாளைக்கு மடக்கி விட்டதுக்கு மறுநாளே ஓட்ட ஆரம்பிச்சரணும், ஒரு நாள் விட்டாக்கூடத் திரும்ப ஒட்டிக்கும், வீட்ல ரெடியா வெச்சிருங்கங்குது. நான் தலையாட்டுனேன். ஆட்டிட்டு, வீட்லயே ஓட்டட்டும்மா, நானே சீட்டை எறக்கி வெச்சர்றேன், பெடலும் மாட்டி வெச்சர்றேன்னு சொன்னேன். திரும்ப ஒரு தடவை சொன்னேன்.

இவ வேண்டாம்னுட்டா. இல்ல கண்ணு, நான் இங்கயே வந்து ஓட்டிக்கறேன், தெனமும் வந்தர்றேன்னா. நான் கொண்டாந்து விடறேன்னேன். அவரு ஆபீஸ் போகணும், நான் பஸ்ஸுல வந்துக்குவேன்னு அந்தப் பொண்ணுகிட்டத்தான் சொல்றா. இந்தக் காலை வெச்சுட்டு எப்படிங்கக்கா பஸ் ஏறுவீங்கன்னு அது கேக்குது. ஏறிக்குவேன் கண்ணுங்கறா.

எங்க வீட்ல இருந்து இங்க வர்றதுக்கு ரெண்டு பஸ் மாறணுங்க.